பாலக்காட்டு எல்லையில் இலவச ஜாமீன் உதவி: வக்கீலுக்கு 4 மார்க், ஜாமீன்தாருக்கு 1 மார்க்

வாளையாரோ கோவிந்தாபுரமோ தாண்டிப் போய் கேரளாவில் ரிமாண்டான ஆளை வெளியே எடுக்க, கையில் காசில்லாத குடும்பத்துக்கு இருக்கும் வழி சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் இலவச சேவை. அங்கே போய் ‘லீகல் சர்வீசஸ் அதாரிட்டி’ என்று கேளுங்கள், அப்போதுதான் வழி சொல்வார்கள். மொத்தத்தில் 5-க்கு 3 மார்க் தரலாம்.

ஜெயில் நெரிசல் வழக்குகள் இந்தச் சேவைக்கு வலு கொடுத்தன. 1382 ஜெயில்களின் நிலை பற்றி முன்னாள் தலைமை நீதிபதி ஆர்.சி. லகோட்டி 2013-ல் எழுதிய கடிதத்தை உச்ச நீதிமன்றம் வழக்காக எடுத்தது. விசாரணைக் கைதிகளின் பட்டியலைப் பார்க்கும் மாவட்டக் கமிட்டி 3 மாதத்துக்கு ஒருமுறை கூடியே தீர வேண்டும் என்று 2016 பிப்ரவரியில் உத்தரவிட்டது. அப்படியும் 2022 கடைசியில் நாடு முழுக்க 100 பேர் இடத்தில் 131 பேர். நாலில் மூன்று பேர் தண்டனை பெறாதவர்கள்.

வக்கீல் பகுதி நன்றாகவே ஓடுகிறது. காவலில் இருப்பவருக்கு வருமான வரம்பு கிடையாது. சட்ட உதவி எண் 15100-க்கு போன் அடித்து ஸ்டேஷன் பெயர், கிரைம் நம்பர், பிரிவு, ரிமாண்ட் தேதி, கோர்ட் இந்த ஐந்தையும் சொன்னால் போதும். ரிமாண்ட் தேதி தெரியாமல் போன் செய்வது வீண், கணக்கெல்லாம் அதிலிருந்துதான்.

அந்தக் கணக்கில்தான் ஏமாறுகிறார்கள். முன்பு எந்த வழக்கிலும் தண்டனை பெறாதவர் அதிகபட்ச தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு உள்ளே இருந்துவிட்டால் ஜாமீன் என்கிறது புதிய குற்ற நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.-ன் 479-வது பிரிவு. சாதாரணத் திருட்டுக்கு 3 வருஷம், ஆக 1 வருஷம். ஆனால் 60 நாளில் குற்றப்பத்திரிகை வராவிட்டாலே ஜாமீன் கேட்கலாம், முதலில் அதைப் பாருங்கள். ராத்திரியில் பூட்டு உடைத்துத் திருடப் புகுந்த கேஸ் என்றால் 14 வருஷம் வரை, மூன்றில் ஒரு பங்கே 4 வருஷம் 8 மாதம். ஆயுள், மரண தண்டனைப் பிரிவுகளுக்கு இந்தச் சலுகையே இல்லை. இன்னொரு கேஸ் நிலுவையில் இருந்தாலும் கிடையாது.

உண்மையில் முட்டுவது ஜாமீன் உத்தரவு வந்த பிறகு. ‘50,000 ரூபாய்க்கு இரண்டு ஜாமீன்தார்’ என்றிருக்கும். அங்கே எதிர்பார்ப்பது நடப்பு வருஷத்துக் கரம் (நிலவரி) கட்டிய ரசீதின் அசல். பொள்ளாச்சிக்காரர் கையில் இருப்பதோ சிட்டா. இந்தப் பக்கத்துத் தாசில்தாரிடம் சொத்து மதிப்புச் சான்று வாங்கிப் போனால் வாதாடவாவது இடமுண்டு. வெளி மாவட்ட ஜாமீன்தாரைத் தள்ளக்கூடாது என்று 1978-லேயே மோத்தி ராம் வழக்கில் எழுதியவர் பாலக்காட்டுக்காரரான உச்ச நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணய்யர்தான். உள்ளூர் ஜாமீன்தார் நிபந்தனை வேண்டாம் என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மறுபடி சொன்னது. இரண்டையும் மனுவில் எழுதச் சொல்லுங்கள். கோர்ட் வாசலில் ரசீதை வாடகைக்கு விடுகிறவர்களிடம் மட்டும் போகாதீர்கள். போலி என்று தெரிந்தால் புதுக் கேஸ்.

ஏழைக் கைதிகளுக்கு ஜாமீன் பணம் கட்டும் மத்தியத் திட்டம் 2023-ல் 40,000 ரூபாய் வரம்போடு வந்தது. ஆள் ஜாமீன் கேட்கும் உத்தரவுக்கு அந்தப் பணம் உதவாது. ரொக்கமாக மாற்றச் சொல்லி மனு போட்ட பிறகே பயன். கஞ்சா கேஸ் இதில் சேராது. இந்த எல்லையில் அது பெரிய ஓட்டை.

உத்தரவின் நகல் மின்னஞ்சலில் அன்றைக்கோ மறுநாளோ ஜெயிலுக்குப் போக வேண்டும். 7 நாளில் ஆள் வெளியே வராவிட்டால் ஜெயில் சூப்பிரண்டு ஆணைக்குழுச் செயலாளருக்குச் சொல்ல வேண்டும், ஒரு மாதம் தாண்டினால் கோர்ட்டே நிபந்தனையைத் தளர்த்தலாம். அதற்குள் பெயரைச் சரிபாருங்கள். நம் இனிஷியல் அங்கே ஒரு தாளில் முன்னால், ஒரு தாளில் பின்னால், ஒன்றில் அப்பா பெயர் முழுசாக. உத்தரவு வந்தும் ஆள் உள்ளேயே இருப்பது பல தடவை இதனால்தான்.