சின்சினாட்டியா, கொலம்பஸா? எங்களுக்காக முடிவெடுத்த தண்ணீர்க் குழாய்

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் வீடு வாங்குவது என்றானதும் எங்கள் முன் இரண்டே ஊர்கள்தான். தெற்கே ஆற்றோரம் சின்சினாட்டி, மாநிலத்தின் நடுவே தலைநகர் கொலம்பஸ். இரண்டுக்கும் இடையே காரில் இரண்டு மணி நேரத்துக்கும் குறைவு. கொலம்பஸில் வாங்கினோம். அதனால் இதை நடுநிலையான அலசல் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

குளிர், கடை கண்ணி, மளிகைச் செலவு இதிலெல்லாம் பெரிய வித்தியாசம் இல்லை. அழகு என்று பார்த்தால் சின்சினாட்டி பக்கத்தில் கொலம்பஸ் நிற்கவே முடியாது. குன்றுகள், ஓவர் தி ரைன் பகுதியின் 19ஆம் நூற்றாண்டுச் செங்கல் கட்டடங்கள், ஜான் ரோப்ளிங் புரூக்ளின் பாலத்துக்கு முன்பே கட்டிய தொங்குபாலம் என்று பார்த்துக்கொண்டே இருக்கலாம். கொலம்பஸில் பழைய ரயில் நிலையத்தையே இடித்துவிட்டார்கள். 1979க்குப் பிறகு அங்கே பயணிகள் ரயிலும் கிடையாது.

1850இல் சின்சினாட்டி அமெரிக்காவின் ஆறாவது பெரிய நகரம்; மக்கள்தொகை 1,15,000. அப்போது கொலம்பஸில் 18,000 பேர்கூட இல்லை. ஒஹாயோ ஆற்றின் நீராவிப் படகுகளும் பன்றி இறைச்சி வியாபாரமும் சின்சினாட்டியை வளர்த்தன. இறைச்சியில் மிஞ்சிய கொழுப்பு சோப்பாகவும் மெழுகுவத்தியாகவும் மாறியது. 1837இல் தொடங்கிய புராக்டர் அண்டு கேம்பிள் அந்த வழியில் வந்ததுதான். பிறகு ரயில் காலம் வந்தது, சிகாகோ முந்திக்கொண்டது. சின்சினாட்டி சும்மா இருக்கவில்லை. நகராட்சியே சொந்தப் பணத்தில் தெற்கே டென்னசி மாநிலத்தின் சட்டனூகா வரை ரயில் பாதை போட்டு 1880இல் முடித்தது. 1920இல் சுரங்க ரயில் வேலையும் தொடங்கியது. பணம் பற்றாமல் பாதியில் நின்றது. ஒரு ரயில்கூட ஓடாத அந்தச் சுரங்கத்துக்குள் பிறகு குடிநீர்க் குழாய் போட்டார்கள்!

குழாய் என்றதும் என் பேச்சு கொலம்பஸுக்குப் போய்விடும். 1950இல் சின்சினாட்டியில் 5,04,000 பேர், கொலம்பஸில் 3,76,000. 2020இல் சின்சினாட்டி 3,09,000, கொலம்பஸ் 9,06,000. பல்கலைக்கழகம், அரசு வேலை, இன்சூரன்ஸ் கம்பெனிகள் என்று காரணம் சொல்வார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் புறநகரையும் சேர்த்து எண்ணினால் இரண்டு வட்டாரங்களிலும் இன்றைக்கு இருபது லட்சத்துக்கு மேல் மக்கள்; சின்சினாட்டி வட்டாரம் கொஞ்சம் பெரியதும்கூட. அப்படியானால் இவ்வளவு வித்தியாசம் எங்கிருந்து வந்தது? நகர எல்லைக்கோட்டிலிருந்து.

1954இல் மேயரான சென்சன்பிரென்னர் ஒரே விஷயத்தில் பிடிவாதமாக நின்றார்: மாநகராட்சியின் தண்ணீரும் சாக்கடை இணைப்பும் வேண்டுமா, நிலத்தை நகரத்தோடு இணைத்துக்கொள். மாநகராட்சி கையில் அணைகள் இருந்தன. 1950களில் ஹூவர் அணையும் (மேற்கே உள்ள அதே பெயர்ப் பெரிய அணை அல்ல) சேர்ந்தது. மனை போட்டு வீடு கட்டும் ஆளுக்குக் குழாய் இல்லாமல் வேலை நடக்காது. ஆகவே வயல்வெளிகள் ஒவ்வொன்றாக நகரத்துக்குள் வந்தன. 1950இல் சுமார் 40 சதுர மைலாக இருந்த ஊர் இன்று 220 சதுர மைலைத் தாண்டிவிட்டது. சின்சினாட்டி இன்னும் 80 சதுர மைலுக்குள்தான். ஒரு பக்கம் ஆறு, அக்கரையில் வேறு மாநிலமான கென்டக்கி, சுற்றிலும் தனி நகராட்சிகள். நார்வுட் என்ற ஊர் சின்சினாட்டிக்கு நடுவிலேயே தனி நகராட்சியாக உட்கார்ந்திருக்கிறது. சின்சினாட்டியும் வெளியூர்களுக்குத் தண்ணீர் கொடுக்கிறது. ஆனால் அந்த ஊர்கள் தண்ணீரை வாங்கிக்கொண்டு தனியாகவே இருக்கின்றன.

வீடு வாங்குகிறவனுக்கு இந்தப் பழங்கதை எதற்கு என்கிறீர்களா? நகரத்தோடு நிலம் சேர்ந்ததே தவிர, பள்ளி மாவட்டம் (அரசுப் பள்ளிகளை நடத்தும் தனி எல்லை கொண்ட அமைப்பு) கூடவே சேரவில்லை. கொலம்பஸ் மாநகராட்சிக்குள் வீடு, பிள்ளைகள் போவது டப்ளின் அல்லது ஹில்லியார்டு என்ற புறநகரின் பள்ளி மாவட்டத்துக்கு என்ற விசித்திரம் இதில் பிறந்ததுதான். இந்த ஏற்பாட்டை 1986இல் ஓர் உடன்பாடு போட்டு உறுதி செய்தார்கள்: புறநகர்ப் பள்ளிகள் தங்கள் பகுதிகளை வைத்துக்கொள்ளும், பதிலுக்கு நகரப் பள்ளிகளுக்கு ஒரு பங்கு வருவாய் கொடுக்கும். இதில் சங்கடமான பக்கமும் உண்டு. 1977இல் பள்ளிகளில் இனப் பிரிவினையை நீக்கச் சொல்லி நீதிமன்றத் தீர்ப்பு வந்த பிறகு, புது வீடுகள் பெரும்பாலும் நகரப் பள்ளி எல்லைக்கு வெளியே பார்த்துத்தான் எழுந்தன. எங்கள் வீடும் அப்படிப்பட்ட ஒரு மூலையில்தான் இருக்கிறது. மறுவிற்பனையில் அந்தப் பள்ளியின் பெயருக்குத்தான் விலை.

சின்சினாட்டியில் வாடகைக்கு மட்டுமே இருந்திருக்கிறேன். குன்றுச் சரிவில் நிற்கும் நூறு வயது வீட்டின் பராமரிப்பு எப்படி இருக்கும் என்று அனுபவித்தவர்கள்தான் சொல்ல வேண்டும். நகர வருமான வரி அங்கே 1.8 சதவீதம், இங்கே 2.5, அதில் சின்சினாட்டிக்கே வெற்றி. இன்டெல் வருகிறது, அதனால் விலை ஏறும் என்று கொலம்பஸில் வாங்கச் சொன்னால் நம்பாதீர்கள். 2022இல் அறிவித்த தொழிற்சாலை தள்ளிக்கொண்டே போகிறது.

அப்புறம், கொலம்பஸ் பக்கம் வீடு பார்த்தால் விளம்பரத்தில் போட்டிருக்கும் ஊர்ப் பெயரை விடுங்கள். சொத்துப் பதிவுகளை வைத்திருக்கும் கவுன்டி ஆடிட்டர் அலுவலக இணையதளத்தில் முகவரியைப் போட்டு, எந்த நகராட்சி, எந்தப் பள்ளி மாவட்டம் என்று இரண்டையும் தனித்தனியாகப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.