தூத்துக்குடி – ஒட்டப்பிடாரம் வ.உ.சி. டூர்: காலைல அருமை, மதியத்துக்கு மேல பாதி கதைதான்

போன ஞாயித்துக்கிழமை குடும்பத்தோட போயிட்டு வந்தோம், ஆளுக்கு 800 ரூவா, வேன் சொன்ன டைமுக்கு வந்துச்சு, டிரைவர் அண்ணன் தங்கமானவரு. நடத்துறவங்க பேர் போடல, சின்ன ஆளுங்க, குறைய நேர்லயே சொல்லிட்டேன்.

ஹார்பர் பக்கம் நிறுத்தி கப்பல் கதை சொன்னாங்க பாருங்க, அதுக்கே காசு சரியாப் போச்சு. 1906ல வ.உ.சி. ஆரம்பிச்ச சுதேசி கப்பல் கம்பெனி, 10 லட்சம் மூலதனம், ஷேர் 25 ரூவா, 'காலியா', 'லாவோ'ன்னு ரெண்டு கப்பல். வெள்ளைக்காரன் கம்பெனி டிக்கெட்ட குறைச்சு குறைச்சு கடைசில ஓசில ஏத்தி குடையும் குடுத்தான்னு சொல்றப்ப கைடு என் பொண்ணோட குடைய வாங்கி படக்குன்னு விரிச்சாரு, வேன்ல இருந்த அத்தனை பேரும் கப்சிப்.

ஆனா கோரல் மில்லுங்கற நூல் ஆலைல நடந்த ஸ்ட்ரைக்க ஒத்த வரில தாண்டிட்டாரு, எனக்கு மனசே ஆறல. ஷேர் சேத்து கம்பெனி ஆரம்பிச்ச அதே மனுஷன்தான் 1908ல மில் தொழிலாளிங்க பக்கம் நின்னு கூலி உயர்வும் ஞாயித்துக்கிழமை லீவும் கிடைக்கப் பாடுபட்டாரு. தொழில் நம்மாளு கையில இருக்கணும்ங்கறது ஒரு தேசபக்தி, வேலை செய்யிறவன் நல்லா இருக்கணும்ங்கறது இன்னொண்ணு, எல்லாரும் ரெண்டையும் சேத்து சுமக்கறதில்ல, இவரு சுமந்தாரு.

ஒட்டப்பிடாரத்துல நினைவு இல்லம் பாத்துட்டு நிக்கும்போது கேட்டேன், அண்ணே, 1907 சூரத் காங்கிரஸ்ல திலகர் பக்கம் நின்னவரு 1920ல காந்தியோட ஒத்துழையாமை ஒத்துவராம காங்கிரஸ விட்டே போனாரே, அத சொல்லலையேன்னு. "அதெல்லாம் அரசியல் சார், செக்கோட முடிச்சுக்குவோம்"னுட்டாரு.

ஜெயில்ல செக்கிழுத்ததோட கதை எப்படிங்க முடியும்? 1912 டிசம்பர்ல ஜெயில்ல இருந்து வந்தவரு அதுக்கப்புறம் 24 வருஷம் இருந்தாரு. வகுப்புவாரி பிரதிநிதித்துவம், அதாவது பதவில வேலைல எல்லா சாதிக்கும் பங்கு வேணும்னு பேசினாரு, தொல்காப்பியம் இளம்பூரணர் உரைய பதிப்பிச்சாரு, குறளுக்கு உரை எழுதினாரு, தமிழ்மேல வச்ச பாசமும் நாட்டுமேல வச்சதும் அவருக்கு வேற வேற இல்ல. 1927ல சேலம் மாநாட்டுல திரும்ப காங்கிரசுக்கு வந்தாரு, 1936 நவம்பர் 18 தூத்துக்குடி காங்கிரஸ் ஆபீஸ்லதான் உயிர் போச்சு. விட்டுட்டுப் போன கட்சி ஆபீஸ்ல! இத சொல்லாம பிள்ளைங்கள வேன்ல ஏத்தி வீட்டுக்கு அனுப்புறது எனக்கு பொறுக்கல, வர்ற வழில நானே சொன்னேன், பின் சீட்டு பாட்டி கூட முன்னாடி வந்து உக்காந்துட்டாங்க.

5க்கு 3. காலை பாதிக்காக கண்டிப்பா போங்க, மதியம் கைடுகிட்ட விடாம கேள்வி கேளுங்க. சாப்பாடு பரவால்ல.