சிவகாசி டைகரா, சினிமா டைகரா?

எல்லார் வீட்டையும்போல சிங்கப்பூரில் எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டின் பாம் ஷெல்டரும், அதாவது குண்டு விழுந்தால் பதுங்கும் அறையும், பழைய சாமான் அடைக்கும் இடம்தான். தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு முடிந்து இரண்டு வாரம் தங்க வந்த அக்கா மகன், ஒரு மழை நாளில் அதைக் குடைந்து, அடியில் கிடந்த அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். உள்ளே என் முத்து, லயன் காமிக்ஸ், வெளிநாட்டுப் படக்கதைகளைத் தமிழாக்கிச் சிவகாசியிலிருந்து வெளியிடுகிற புத்தகங்கள். ஊரிலிருந்து வருகிறவர்கள் பெட்டியில் முறுக்குக்கும் அப்பளத்துக்கும் நடுவே ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தவை. இந்த ஊர் ஈரத்தில் பின் எல்லாம் துருப்பிடித்து, நடுப்பக்கம் கழன்று கையோடு வருகிறது. புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டான்: “மாமா, இதெல்லாம் படமா வந்திருக்கா? அப்போ படத்தையே பார்த்துடலாமே?”

கேள்வி நியாயம்தான், எனக்குத்தான் சுருக்கென்றது. சரி, புத்தகத்தையும் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தே பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தோம்.

முதலில் அவன் கையில் எடுத்தது இரும்புக்கை மாயாவி. 1962இல் பிரிட்டனின் வேலியன்ட் வார இதழில் லூயிஸ் கிராண்டல் என்ற பெயரில் அறிமுகமாகி, 1972இல் முத்து காமிக்ஸின் முதல் இதழாக நம்மிடம் வந்தவர். மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்துவிடுவார், இரும்புக் கை மட்டும் தெரியும். ஹெசுஸ் பிளாஸ்கோ வரைந்த கட்டங்களில் மணிக்கட்டோடு முடிந்துபோகும் ஒரு கை அந்தரத்தில் தொங்கும், அவ்வளவுதான். திரையில் ஆளை மறைப்பது இன்று ஒரு வேலையே இல்லை, அதனாலேயே அதில் திகைப்பும் இல்லை. தாளில் பிளாஸ்கோ வரையாமல் விட்ட இடத்தில் ஒருவன் நிற்கிறான் என்று நம்புவது படிக்கிறவன் பாடு. பையன் அந்தப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றான், நான் வாயைத் திறக்கவில்லை.

இன்னொன்று. ஆங்கிலத்தில் கிராண்டல் ஆரம்பத்தில் குற்றவாளி. மறையும் சக்தி கிடைத்ததும் திருட்டுப் பக்கம்தான் போகிறார், நல்ல வழிக்குத் திரும்புவதெல்லாம் பிறகு. ஆனால் ‘மாயாவி’ என்று பெயர் வைத்தவுடனேயே அவர் நமக்கு நாயகனாகிவிட்டார். தமிழாக்கமும் ஒரு தழுவல்தான் என்று நான் சொல்வது இதனால்தான். கார்ட்டூன், சினிமா என்று வரிசை போடுகிறவர்கள் சிவகாசியையும் அந்த வரிசையில் சேர்க்க வேண்டும், சேர்த்தால் பல நேரம் முதலிடம் அதற்குத்தான்.

நல்ல உதாரணம் கேப்டன் டைகர். 1963இல் ஷார்லியே எழுத, ஜான் ஜிரோ வரைய, பிரெஞ்சில் தொடங்கிய புளூபெர்ரிதான் இவர். அங்கே வெறும் லெப்டினன்ட், சிவகாசிக்கு வந்ததும் பதவி உயர்வு! ‘தங்கக் கல்லறை’ என்று நாம் படித்தது இவருடைய இரண்டு பிரெஞ்சுப் புத்தகங்களைச் சேர்த்த கதை. புதையல் இருக்கும் இடம் தெரியும் என்று பீலா விடும் ஒரு ஜெர்மன் மோசடிக்காரன், அவனை நம்பிக் கிளம்பும் கிழட்டு ஜிம்மி, பின்னாலேயே துரத்தும், சன்மானத்துக்கு ஆள் பிடிப்பவர்கள், ஆளைக் காய்ச்சி எடுக்கும் அரிசோனா வெயில். யார் யாரை ஏமாற்றுகிறார்கள் என்பது பக்கத்துக்குப் பக்கம் மாறிக்கொண்டே இருக்கும்.

இதே கதையிலிருந்து எடுத்ததாகச் சொல்லி 2004இல் ஒரு படம் வந்தது, வின்சென்ட் கேஸல் நடித்தது. பெயர்கள் இருக்கின்றன, தங்கம் இருக்கிறது, மலை இருக்கிறது, கதைதான் இல்லை. பாதிக்கு மேல் பழங்குடி மருத்துவர் கொடுக்கும் மூலிகை, அதைக் குடித்தால் வரும் காட்சிகள், பாம்பு மாதிரி நெளியும் கணினி வரைகலை என்று போகிறது, கடைசி மோதலும் அந்த மயக்கத்துக்குள்ளேதான். அது தனியாக ஒரு படமாகப் பிடித்தவர்கள் உண்டு, நான் இல்லை. டைகரின் அழகே உடைந்த மூக்கும், குதர்க்கமான வாயும், சீட்டாட்டத்தில் தில்லுமுல்லு செய்யத் தயங்காத புத்தியும்தான். அந்த ஆளைப் போய் ஞானம் தேட அனுப்பினால் என்ன செய்வான்?

அதற்காகச் சிவகாசிப் பதிப்பில் குறையே இல்லை என்று நான் சாதிக்க மாட்டேன். பழைய கறுப்பு வெள்ளைத் தாளில் ஜிரோவின் பாலைவனம் பல பக்கங்களில் வெறும் மைத் திட்டு, பகலா இரவா என்றே தெரியாது. 2012க்குப் பிறகு பெரிய அளவில், வழவழப்பான தாளில், வண்ணத்தில் வரத் தொடங்கியதும்தான் இத்தனை வருடம் எதைப் பார்க்காமல் படித்திருக்கிறோம் என்று புரிந்தது. இருந்தாலும் எம்ஆர்டி ரயிலில் நின்றுகொண்டே ஒரு கையில் பிடித்துப் படிக்க அந்தப் பாக்கெட் சைஸ்தான் தோது.

எதிர்ப்பக்கம் நியாயமாக ஒரு புள்ளி கொடுக்க வேண்டுமென்றால் அது பெல்ஜியத்துப் படக்கதை நாயகன், இளம் நிருபர் டின்டினுக்கு. இதை நூலகத்திலிருந்து ஆங்கிலத்தில் எடுத்து வந்தோம், முதுகில் டேப் ஒட்டிய பிரதி. 1991இல் தொடங்கிய டிவி கார்ட்டூன் 39 பகுதி, புத்தகத்தை ஏறக்குறைய அப்படியே அசைய வைத்தது. தப்பில்லை, ஆனால் புத்தகம் கையில் இருக்கும்போது அது எதற்கு என்றும் தோன்றும். டின்டினின் குடிகார நண்பர் கேப்டன் ஹேடாக் வேறு அதில் பாட்டிலை அவ்வளவாகத் தொடுவதில்லை. 2011இல் ஸ்பீல்பெர்க் எடுத்த படம் மூன்று புத்தகங்களைக் கலந்து கட்டியது, பிரியர்கள் பலருக்குக் கோபம். எனக்கும் பாதிப் படத்தில் மூச்சு முட்டியது, துரத்தல் முடிந்தால் இன்னொரு துரத்தல். ஆனால் ஓர் இடம். புத்தகத்தில் ஹேடாக் தன் முன்னோரின் கடல் சண்டையைத் தன் அறைக்குள்ளேயே வாளைச் சுழற்றி நடித்துக் காட்டுவார், ஒரு கட்டம் அறை, ஒரு கட்டம் கப்பல் என்று மாறி மாறி வந்து, கடைசியில் முன்னோரின் ஓவியத்தைக் கிழித்துக்கொண்டு அவர் தலையே அதற்குள் நிற்கும். விழுந்து விழுந்து சிரிக்கலாம். படத்தில் இதே கதையைப் பாலைவனத்தில் தொடங்குகிறார், மணல்மேடுகள் அவர் கண்முன்னே அலைகளாகி, அவற்றின் மேலே கப்பல் ஏறி வருகிறது. கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவில் இருக்கும் கோட்டை அழித்துவிட்டார்கள், அதைச் சினிமாவால்தான் செய்ய முடியும். இந்த ஒரு காட்சியில் படம் ஜெயித்துவிட்டது என்று நானே ஒப்புக்கொண்டேன். பையனுக்கு ஓவியத்தில் தலை மாட்டிக்கொள்வதுதான் பிடித்ததாம்.

பிரிட்டிஷ் காமிக்ஸ் நாயகி மாடஸ்டி பிளைஸ் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 1984இல் லயன் காமிக்ஸ் அவரோடுதான் தொடங்கியது, ‘கத்திமுனையில் மாடஸ்டி’. 1966இலேயே வந்த ஆங்கிலப் படம் அவரைக் கேலிக்கூத்தாக்கியது. கதாசிரியர் பீட்டர் ஓ’டொனல் தாம் எழுதிக் கொடுத்த திரைக்கதையை நாவலாக்கிக்கொண்டார், அது பிழைத்தது.

நம் சிங்கப்பூருக்கும் ஒரு ஆள் உண்டு, மிஸ்டர் கியாசு. கியாசு என்றால் எதிலும் தோற்றுவிடுவோமோ என்று பயப்படுகிறவன். 1990இல் புத்தகமாக வந்து, பிறகு டிவி தொடராகவும் ஆனார். ஆனால் எனக்குத் தெரிந்து அவருடைய உருப்படியான தழுவல் 1993இல் மெக்டொனால்ட்ஸ் போட்ட கியாசு பர்கர்தான். காமிக்ஸை வாயில் போட்டுச் சாப்பிட்டது நாமாகத்தான் இருக்கும். எதையும் விடாமல் அள்ளிக்கொள்ளும் ஒருவனை இதைவிட எப்படிக் காட்டுவது?

கடைசியில் பையன் வீட்டுக்குக் கிளம்பும்போது தங்கக் கல்லறை முதல் பாகத்தைப் பையில் வைத்துக்கொண்டான். தமிழ்ப் பாட நூலைத் தவிர அவன் தானாகத் தொட்ட முதல் தமிழ்ப் புத்தகம் என்று அக்காவுக்கு ஒரே பூரிப்பு. நான்கு நாளில் போன் வந்தது.

“மாமா, ரெண்டாம் பாகம் எங்க?”

எங்கே இருக்கிறது? எப்போதோ யாரோ இரவல் வாங்கிப் போனது, திரும்பவில்லை. சொன்னேன். படத்தில் பார்த்துக்கொள்ளட்டுமா என்றான். அது உன் வயசுக்கான படமில்லை, பார்த்தாலும் முடிவு தெரியாது என்றேன். அப்புறம் வேறு வழியில்லாமல் நினைவிலிருந்து நானே சொல்ல ஆரம்பித்தேன், மலை, பாழடைந்த ஊர், துப்பாக்கிச் சத்தம் எல்லாவற்றோடும். பாதி சொல்லியிருப்பேன், குறுக்கிட்டான்.

“தங்கம் யாருக்குக் கிடைச்சதுன்னு மட்டும் சொல்லிடாதீங்க மாமா. புக் கிடைச்சா நானே பார்த்துக்குறேன்.”