டாஸ்க் மேனேஜரா, பிராசஸ் எக்ஸ்புளோரரா? ஒளிந்து ஓடும் புரோகிராமை எதில் பிடிப்பது?

திருவல்லிக்கேணியில் மச்சானின் டிடிபி கடை. மே மாதம். யாரும் தொடாமலே கம்ப்யூட்டரின் ஃபேன் இரைந்துகொண்டிருந்தது. "வெயில்தான்ணே" என்றான் கடைப் பையன். டாஸ்க் மேனேஜரைத் திறந்தேன், இரைச்சல் அடங்கியது. மூடினேன், ஒரு நிமிடத்தில் மறுபடி ஆரம்பித்தது. வெயில் இப்படி விட்டு விட்டு வராது. திருட்டுத்தனமாக கிரிப்டோ காசு தோண்டும் மைனர்களில் பல, டாஸ்க் மேனேஜர் திறந்ததும் வேலையை நிறுத்திவிடும்.

டாஸ்க் மேனேஜர் விண்டோஸோடு வருகிறது, எது சிபியுவைத் தின்கிறது என்று உடனே காட்டும். அன்றாடத்துக்கு அது போதும்.

பிராசஸ் எக்ஸ்புளோரர் மார்க் ருசினோவிச்சும் பிரைஸ் காக்ஸ்வெல்லும் நடத்திய, விண்டோஸுக்குக் கருவிகள் தந்த சிஸ்இன்டர்னல்ஸின் கருவி. 2006-ல் மைக்ரோசாஃப்ட் அதை வாங்கியது. இலவசம், இன்ஸ்டால் செய்யத் தேவையில்லை. நான் வீட்டு லேப்டாப்பில் இறக்கி பென் டிரைவில் கொண்டுபோனேன்.

என்னை இதன் பக்கம் இழுத்தது ஒன்றே ஒன்று: எந்த புரோகிராமை எது கிளப்பியது என்று மரமாக விரித்துக் காட்டுகிறது. பின்னணி சர்வீஸ்களை ஓட்டும் எஸ்விசிஹோஸ்ட் என்ற பெயரில் விண்டோஸில் பல ஓடும். டாஸ்க் மேனேஜரின் டீடெய்ல்ஸ் பட்டியலில் எல்லாம் ஒரே பெயரில் தெரியும். அசல் எஸ்விசிஹோஸ்ட், சர்வீசஸ் என்ற தாயின் கீழ்தான் நிற்கும். அதன் ஃபைல் விண்டோஸ் ஃபோல்டரில் சிஸ்டம்32-க்குள் இருக்கும். கடையில் ஒன்று மட்டும் விண்டோஸின் எக்ஸ்புளோரருக்கு (டெஸ்க்டாப்பையும் ஃபோல்டர்களையும் காட்டும் புரோகிராம்) கீழே நின்றது. மவுஸை மேலே வைத்தால், புரோகிராம்கள் பயனரின் தகவல்களை வைக்கும் ஆப்டேட்டா ஃபோல்டர் பாதை. பெயர் அசல், பிறப்பு வேறு. தாயே இல்லாமல் தனியாக நிற்பதெல்லாம் திருடு என்று நினைக்க வேண்டாம். கிளப்பியது மூடிவிட்டால் அப்படித்தான் தெரியும், விண்டோஸின் எக்ஸ்புளோரரே அப்படித்தான் நிற்கும்.

ஃபைலைத் தயாரித்தது யார் என்று காட்டும் டிஜிட்டல் கையொப்பத்தைச் சரிபார்க்கும் வசதியும் உண்டு. ஆனால் கடையின் பழைய தமிழ் டைப்பிங் மென்பொருளுக்கும் கையொப்பம் இல்லை, அது பாவம், ஒரு குற்றமும் செய்யவில்லை. அதனால் 2014-ல் சேர்த்த வைரஸ்டோட்டல் (ஃபைலைப் பல ஆன்டிவைரஸ்களிடம் கேட்டுச் சொல்லும் இணையதளம்) வசதியையும் போட்டுப் பார்த்தேன். ஃபைலை அனுப்பாமல் அதன் ஹாஷை, அதாவது கைரேகை போன்ற குறியீட்டை, மட்டும் அனுப்பிக் கேட்கும். பல ஆன்டிவைரஸ்களின் தீர்ப்பு எண்ணாக வரும். ஒன்றிரண்டு சொன்னால் பதற வேண்டாம். எங்களுடையதற்குப் பாதிக்கு மேல் சிவப்பு.

உடனே கில் கொடுக்காதீர்கள். ஒன்றைக் கொன்றால் மற்றொன்று அதை மறுபடி கிளப்பும் ஜோடிகள் உண்டு. முதலில் சஸ்பெண்ட் செய்து இரண்டையும் உறைய வைத்து, பிறகு கில். ஸ்டார்ட்டப்பில் ஒட்டியிருப்பதை, தானாகக் கிளம்புபவற்றைப் பட்டியலிடும் சிஸ்இன்டர்னல்ஸின் இன்னொரு கருவியான ஆட்டோரன்ஸில் எடுக்க வேண்டும்.

சில மைனர்கள் பிராசஸ் எக்ஸ்புளோரரையும் கண்காணிக்கும். விண்டோஸின் மையமான கெர்னலுக்குள் புகுந்து பட்டியலிலிருந்தே தன்னை எடுத்துவிடும் ரூட்கிட் என்றால் இரண்டு கருவியும் பொய்தான் காட்டும். அதை நான் நேரில் கையாண்டதில்லை. அந்தச் சந்தேகம் வந்தால் விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டரின் ஆஃப்லைன் ஸ்கேனுக்குப் போவேன், அது விண்டோஸ் முழுதாக எழுவதற்கு முன்பே தேடும். மச்சான் கடையில் அதையும் ஓட்டினேன், எதுவும் சிக்கவில்லை. ஃபேன் இப்போது பிரிண்ட் கொடுக்கும்போதுதான் இரைகிறது.