ஆறு பேருக்கு ஒரு கழிப்பறை: பாலக்காட்டு குடல் கிளினிக் அனுபவம்

பொள்ளாச்சியிலிருந்து பாலக்காடு போகும் பஸ்ஸில் எங்கள் கோபாலபுரத்தில் ஏறி, ஸ்டேடியம் ஸ்டாண்டில் இறங்கி, ஆட்டோ பிடித்தால் பத்து நிமிடம். வயிறு, குடல் நோய்களுக்கு மட்டும் பார்க்கும் சின்ன கிளினிக். குறையும் சொல்லப்போகிறேன், அதனால் பெயர் வேண்டாம்.

எனக்கு 46 வயது. சித்தூர் பக்கத்துத் தோப்புகளில் தேங்காய் எடுத்து விற்கிறேன். காலையில் கிளம்புவதற்குள் மூன்று தடவை போயாக வேண்டும். வயிறு முறுக்கும், போனால் அடங்கும், ஒரு டீ உள்ளே இறங்கினால் மறுபடி ஆரம்பம். இரண்டு வருஷமாக, எந்தப் பெட்ரோல் பங்கில் கக்கூஸ் சுத்தம் என்று பார்த்துத்தான் தோப்புக்கே ரூட் போட்டேன். மெடிக்கல் கடை கேஸ் மாத்திரையில் காலம் ஓடியது. அப்புறம் இரண்டு முறை ரத்தம் போனது. சுவரில் 'மூலம், பௌத்திரம்' என்று எழுதியிருந்த ஓர் இடத்துக்குப் போனேன். படுக்க வைத்துக்கூடப் பார்க்காமல் 6,000 ரூபாய்க்கு லேகியம் கட்டிக் கொடுத்தார்கள்.

இங்கே டாக்டர் முதலில் மருந்துச் சீட்டை எடுக்கவில்லை. கேள்விதான். ரத்தம் மலத்தோடு கலந்து வந்ததா, கடைசியில் சொட்டியதா? தார் மாதிரி கறுப்பாகப் போனதா? ராத்திரி தூக்கத்தில் எழுப்பி விடுகிறதா? எடை குறைந்ததா? வீட்டில் யாருக்காவது குடல் புற்றுநோய் உண்டா? பிறகு ஒரு படத்தை நீட்டி, "இதில் உங்களது எது?" என்றார். பிரிஸ்டல் அட்டவணையாம், ஏழு படம். ஒன்று ஆட்டுப் புழுக்கை, நாலு வாழைப்பழம் மாதிரி வழவழப்பு, ஏழு வெறும் தண்ணீர். நான் ஆறில் விரல் வைத்தேன். பெண்டாட்டியிடம்கூடச் சொல்லாததை அந்த மனுஷனிடம் அரை மணி நேரம் கூச்சமில்லாமல் பேசினேன்.

ரத்தப் பரிசோதனை, தைராய்டு, குடலில் அழற்சி இருக்கிறதா என்று பார்க்க மலத்தில் கால்புரோடெக்டின். இந்த வயதில் ரத்தம் போனால் மூலம் என்று பார்க்காமலே முடிவு கட்டக்கூடாது என்று, ஆசனவாய் வழியாகக் கேமராக் குழாய் விட்டுக் குடலைப் பார்க்கும் கொலோனோஸ்கோபியும் எழுதினார்.

டெஸ்ட் ஒன்றுமில்லை, மயக்கத்தில் தெரியவே தெரியாது. அதற்கு முந்தைய தயாரிப்புதான் பாடு. இரண்டு லிட்டர் தண்ணீரில் கரைக்கும் பவுடர், எலுமிச்சை வாசனை போட்ட உப்புத் தண்ணீர் மாதிரி. பாதி முதல் நாள் சாயங்காலம் வீட்டில். மீதியை விடிகாலையில் கிளினிக்கிலேயே குடிக்கச் சொன்னார்கள். அங்கேதான் வில்லங்கம். குடித்தவர்கள் ஆறு பேர், கழிப்பறை ஒன்று, அதற்கும் தாழ்ப்பாள் கிடையாது. கதவை ஒரு காலால் உதைத்துப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டும். வயிற்றுக்கென்று கிளினிக் கட்டியவருக்கு இது தோன்றாதா?

நடுவில் நர்ஸ் வந்து, "வயற்றீன்னு போயோ?" என்று கேட்டார். என் மலையாளம் தேங்காய் எண்ணுகிற அளவுக்குத்தான். வயிற்று வலி போச்சா என்கிறார் என்று நினைத்து, "எங்கே போச்சு சிஸ்டர், அப்படியேதான் இருக்கு" என்றேன். அவர் பதறிப்போய் இன்னொரு பாக்கெட் பவுடரை எடுத்து வந்துவிட்டார். பக்கத்தில் இருந்த கொழிஞ்சாம்பாறை அம்மா ஒருவர் சிரித்துக்கொண்டே, "ஏனுங் தம்பி, வெளிய போச்சான்னு கேக்கறாங்க" என்று காப்பாற்றினார். மஞ்சள் தண்ணீராகத்தான் போகிறது என்று அவரே சொல்லி பாக்கெட்டைத் திருப்பி அனுப்பினார்.

முடிவு: உள்மூலம், ஆரம்ப நிலை. ரத்தம் அதிலிருந்துதான். மற்ற தொல்லைக்குப் பெயர் ஐ.பி.எஸ். "போலீஸ் உத்தியோகமா டாக்டர்?" என்றேன். அவர் இதை ஆயிரம் தடவை கேட்டிருப்பார் போல, சிரிக்கவில்லை. இது இரிட்டபிள் பவல் சிண்ட்ரோம், குடலில் புண் இல்லை, கட்டி இல்லை, ஆனால் குடலும் மூளையும் பேசிக்கொள்வதில் கோளாறு, வலி நிஜம்தான் என்றார். அந்தக் கடைசி வார்த்தைக்கே ஃபீஸ் கொடுக்கலாம். வீட்டில் எல்லோரும் 'உனக்கு மனசுதான்' என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

மருந்து கொஞ்சம்தான். இசப்கோல் உமி, நிறையத் தண்ணீரோடு. முதல் வாரம் வயிறு உப்பியது, பிறகு சரியானது. சாப்பாட்டுக்கு இருபது நிமிடம் முன்னால், குடல் முறுக்கைத் தளர்த்தும் மெபெவெரின். நாலு வாரம் வெங்காயம், பூண்டு, கோதுமை, பால் நிறுத்தி, அப்புறம் ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்க்கச் சொன்னார். எனக்கு ஆகாதது பாலும் பச்சை வெங்காயமும். கக்கூஸில் செல்போனோடு உட்காரக்கூடாது என்றார், அது மூலத்துக்கு. தேங்காயை விடச் சொல்லவில்லை, பிழைத்தேன்.

இப்போது காலையில் ஒரு தடவை, சில நாள் இரண்டு. லாரியில் போகும்போது பங்க் கணக்குப் போடுவதில்லை.

ஐந்துக்கு மூன்றரை நட்சத்திரம். மூன்று மாதம் கழித்து மறுபடி காட்டப் போனேன். கதவில் தாழ்ப்பாள் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சணல் கயிறு கட்டியிருக்கிறார்கள்.