மேட்டு நிலத்துக்கு எது, மட்ட நிலத்துக்கு எது: லான் டிராக்டரும் ஜீரோ டர்னும்

தைப்பூசக் காவடி வரும் ஜனவரி, பிப்ரவரியில்தான் தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நடாலில் புல்லும் தலைகால் தெரியாமல் வளரும். மழையும் வெயிலும் மாறி மாறி அடிக்க, கிகுயு புல்லை ஒரு வாரம் விட்டால் கணுக்காலை மூடிவிடும். கோவில் வளாகம் ஒன்றிரண்டு ஏக்கர் என்றால் தள்ளு மெஷினோடு மல்லுக்கட்டிக் கட்டுப்படியாகாது. "உட்கார்ந்து ஓட்டுற மெஷின் ஒண்ணு வாங்கிடலாமே" என்று கமிட்டிக் கூட்டத்தில் யாராவது ஆரம்பிப்பார்கள். உடனே சபை இரண்டாகப் பிரியும். பெரியவர்கள் ஸ்டியரிங் வைத்த லான் டிராக்டர் பக்கம். இளவட்டங்கள் இரண்டு கைப்பிடி வைத்த ஜீரோ டர்ன் பக்கம்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டோங்காட், வெருலம், ஸ்டாங்கர் பக்கம் ஒரு காலத்தில் கரும்பு நின்ற மேட்டு நிலம் உங்களுடையது என்றால் லான் டிராக்டர். நிலம் மட்டமாக இருந்து, மாமரமும் தென்னையும் பூப்பாத்தியும் நிறைய இருந்தால் ஜீரோ டர்ன். எத்தனை குதிரைத்திறன், எத்தனை அங்குல டெக் என்ற பேச்சை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

லான் டிராக்டரில் எஞ்சின் முன்னால். ஸ்டியரிங் முன் சக்கரத்தைத் திருப்பும், ஒரே ஒரு டிரான்ஸ்மிஷன் பின் சக்கரத்தை ஓட்டும், பிளேடுகள் சுழலும் டெக் வயிற்றுக்குக் கீழே தொங்கும். ஜீரோ டர்னில் எஞ்சின் முதுகுக்குப் பின்னால். முன் சக்கரங்கள் இரண்டும் சூப்பர்மார்க்கெட் தள்ளுவண்டிச் சக்கரம் மாதிரி இழுத்த இழுப்புக்குத் திரும்பும். அவற்றை யாரும் திருப்புவதில்லை. பின் சக்கரம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஹைட்ரோஸ்டேடிக் (எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும்) டிரான்ஸ்மிஷன், தனித்தனிக் கைப்பிடி. இரண்டையும் முன்னே தள்ளினால் முன்னே போகும், பின்னே இழுத்தால் பின்னே வரும். ஒன்றை முன்னும் ஒன்றைப் பின்னும் தள்ளினால் நின்ற இடத்திலேயே சுற்றும். அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் 1960-களில் வணிகத்துக்கு வந்த இந்த ஏற்பாடு, மரங்களுக்கு நடுவே வெட்டுகிறவனுக்குப் பெரிய வரம். டிராக்டர் ஒவ்வொரு மரத்தடியிலும் ஒரு வட்டம் வெட்டாமல் விட்டுப்போகும். அதை வெட்ட ரிவர்ஸ் எடுத்து, மறுபடி வந்து, கடைசியில் நைலான் கயிறு சுற்றும் மெஷினைத் தோளில் மாட்டிக்கொண்டு நடக்க வேண்டியதுதான்.

வேகத்திலும் ஜீரோ டர்னுக்குத்தான் பேர். வீட்டு உபயோக மாடல்களே மணிக்கு 11 கிலோமீட்டர் வரை போகும். டிராக்டர் 8, 9 போனால் அதிகம். ஆனால் ஜனவரியில் நனைந்து கிடக்கும் கிகுயுவில் இந்தக் கணக்கு செல்லாது. டெக்குக்குள் புல் அடைத்து எஞ்சின் மூச்சுத் திணறும்போது இரண்டு வண்டியும் நடை வேகத்தில்தான் ஊரும். அதோடு, நின்ற இடத்தில் சுற்றும் வித்தையை ஈரத் தரையில் காட்டினால் டயர் புல்லைத் திருகிப் பிடுங்கிவிடும். கிகுயு ஓடிப் படர்ந்து பத்து நாளில் காயத்தை மூடிக்கொள்ளும். நிழலில் வளரும் எல்.எம். புல்லில் அந்த வட்ட வழுக்கை அதைவிட நீண்ட நாள் தெரியும். கார் திருப்புவது போல முன்னே பின்னே எடுத்துத் திருப்பினால் இந்த வம்பு இல்லை.

சரி, சரிவுக்கு வருவோம். வாக்குவாதம் எல்லாம் முடிகிற இடம் இதுதான்.

டிராக்டர்களின் கையேடுகள் பொதுவாக 15 பாகைச் சரிவை எல்லையாக வைக்கின்றன. ஜீரோ டர்னுக்குப் பல கையேடுகள் 10 பாகையோடு நிறுத்துகின்றன; சில மாடல்களுக்கு 15. கண்ணால் பார்த்து மதிப்பிட்டால் எல்லோரும் தம் மேட்டைக் குறைத்துத்தான் சொல்வார்கள். அளந்து பாருங்கள். ஒரு மீட்டர் நீளப் பலகையின் ஒரு முனையை மேட்டுப் பக்கம் தரையில் ஊன்றி, ரசமட்டம் வைத்துச் சமமாகப் பிடியுங்கள். மறுமுனைக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி 18 சென்டிமீட்டர் என்றால் 10 பாகை, 27 என்றால் 15 பாகை. டர்பனுக்கு வடக்கே கரையோரத்தில் வீட்டுக்குப் பின்னால் இறங்கும் பல சரிவுகள் இந்த 27-ஐத் தாண்டும். அங்கே எந்த வண்டியும் வேண்டாம். ஆள் வைத்துத் தோள் மெஷினால் வெட்டுங்கள்.

ஒரே சரிவில் இரண்டுக்கும் ஏன் இந்த வித்தியாசம்? ஜீரோ டர்னில் ஓட்டுவதும் திருப்புவதும் நிறுத்துவதும் அந்த இரண்டு பின் சக்கரங்கள்தான். ஈரப் புல்லில் இறங்கும்போது அவை பிடி விட்டால் மூன்றும் ஒரே நேரத்தில் போய்விடும். கைப்பிடியை எந்தப் பக்கம் இழுத்தாலும் வண்டி தன்பாட்டுக்குக் கீழே வழுக்கும், கீழே நீர்க்குட்டையோ தடுப்புச் சுவரோ இருந்தால் கதை வேறு. டிராக்டரிலும் பின் சக்கரம் வழுக்கத்தான் செய்யும். ஆனால் முன் சக்கரங்கள் ஸ்டியரிங் பேச்சைக் கேட்கும், ஒதுங்கிப்போக ஒரு வழி மிஞ்சும். டிராக்டரை மேட்டில் மேலும் கீழுமாக ஓட்டுங்கள், குறுக்கே ஓட்டாதீர்கள். ஜீரோ டர்னில் தலைக்குப் பின்னால் கவிழ்வுத் தடுப்புக் கம்பி இருந்து, அது நிமிர்ந்து நிற்கும்போது மட்டும் சீட் பெல்ட் போட வேண்டும். கம்பி இல்லாத வண்டியில், அல்லது மடக்கி வைத்திருக்கும்போது, பெல்ட் ஆளை வண்டியோடு கட்டிப்போட்டுவிடும்.

பராமரிப்பில் எஞ்சின் பாடு இரண்டுக்கும் ஒன்றே. 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை அல்லது வருஷம் ஒருமுறை ஆயில். ஒற்றை சிலிண்டர் எஞ்சினுக்கு ஏறக்குறைய 1.4 லிட்டர், இரட்டை சிலிண்டர் வி-ட்வின்னுக்கு 1.9. டர்பன் சூட்டுக்கு எஸ்ஏஇ 30 ரக ஆயில் ஒத்துவரும். ஏர் ஃபில்டரை மட்டும் கையேடு சொல்வதைவிட அடிக்கடி பாருங்கள். அறுவடைக் காலத்தில் கரும்புத் தோட்டத்துக்குத் தீ வைத்தால் பறந்து வரும் கரி, ஃபில்டரிலும் எஞ்சினின் குளிர்விக்கும் தகடுகளிலும் படிந்துவிடும். தகடு அடைத்தால் எஞ்சின் சூடேறும், ஆயில் கருகும், அப்புறம் புகை வரும்போதுதான் ஆள் முழிப்பார்.

குதிரைத்திறன் பற்றி ஒன்று மட்டும். 300 மீட்டர் உயரத்துக்கு எஞ்சின் சக்தியில் சுமார் மூன்றரை சதவீதம் போகும். கடல் மட்டத்து டர்பனில் 18 குதிரைத்திறனில் ஜம்மென்று வெட்டும் வண்டி, 1,700 மீட்டருக்கு மேல் இருக்கும் ஜோஹனஸ்பர்க்கில் ஐந்தில் ஒரு பங்கை இழந்துவிடும். அங்கிருக்கும் மச்சான் "22-க்குக் குறைஞ்சு வாங்காதே" என்று போனில் சொன்னால் அது அவர் ஊர்க் கணக்கு.

உண்மையான செலவு வித்தியாசம் டிரான்ஸ்மிஷனில் இருக்கிறது. கியர் மாற்றும் பழைய பாணி டிராக்டர் ஓட்ட அலுப்பு, ஆனால் அதில் பெரும்பாலும் கெடுவது பெல்ட்தான். ஹைட்ரோஸ்டேடிக் என்றால் மிதியை அழுத்தினால் போதும், சுகம். பல டிராக்டர்களில் டஃப் டார்க் கே46 வகை டிரான்ஸ்மிஷன் இருக்கும். அது மட்டமான வீட்டுப் புல்வெளிக்கென்று செய்த இலகு ரகம். தினம் மேடேறினால் உள்ளே எண்ணெய் சூடாகி நீர்த்துப்போகும். காலையில் கிளப்பியதும் விறுவிறு என்று ஏறிய வண்டி அரைமணி கழித்து அதே மேட்டில் முனகிக்கொண்டு நிற்பது இதனால்தான். எண்ணெய் மாற்றலாம் என்றால் அடியில் திருகு இல்லை. டிரான்ஸ்மிஷனை முழுசாகக் கழற்றிக் கவிழ்த்துதான் ஊற்ற வேண்டும். நம்மால் சுலபமாகச் செய்ய முடிவது ஒன்று உண்டு. அதன் தலையில் ஒரு சின்ன பிளாஸ்டிக் விசிறி இருக்கும். சீட்டுக்கு அடியில் பார்த்தால் காய்ந்த புல் விசிறியை மூடிக்கொண்டு கிடக்கும். பிரஷ்ஷால் தட்டி எடுத்தாலே சூடு குறையும்.

ஜீரோ டர்னில் இந்தச் சங்கதி இரண்டு இருக்கிறது, அதனால் செலவும் இரண்டு மடங்கு. மலிவு மாடல்களில் அவையும் மூடிய ரகம். கொஞ்சம் கனமான ஹைட்ரோ-கியர் இசட்டி-2800 போன்றவற்றில் ஃபில்டர் வெளியிலேயே தெரியும். முதல் 75 மணி நேரத்தில் ஒருமுறை, பிறகு 400 மணி நேரத்துக்கு ஒருமுறை 20டபிள்யூ-50 எண்ணெய் மாற்றினால் வருஷக்கணக்கில் உழைக்கும். ஜீரோ டர்ன் வாங்குவதென்று முடிவானால் காசைப் பெரிய டெக்கில் போடாமல் இதில் போடுங்கள் என்பேன். வண்டி ஒருபக்கம் இழுத்தால் உடனே மெக்கானிக்கைக் கூப்பிடாதீர்கள். பாதி நேரம் ஒரு டயரில் காற்று குறைந்திருக்கும்.

காற்று டிராக்டருக்கும் முக்கியம். முன் டயருக்கு 14 பிஎஸ்ஐ, பின் டயருக்கு 10 என்பது பரவலான அளவு. அதைச் சரிபார்க்காமல் டெக்கை மட்டம் பார்ப்பது வீண் வேலை. பிளேடின் முன்முனை பின்முனையைவிட 3 முதல் 6 மில்லிமீட்டர் தாழ்ந்திருக்க வேண்டும். டிராக்டர் டெக்கை நாலைந்து பின்களைக் கழற்றிப் பக்கவாட்டில் உருவிவிடலாம், வீட்டு முற்றத்திலேயே பிளேடு தீட்டலாம். ஜீரோ டர்ன் டெக் கனம். பலரும் வண்டியின் முன்பக்கத்தைத் தூக்கி அடியில் கை விடுகிறார்கள். ஜாக்கியை மட்டும் நம்பி எந்த வண்டிக்கு அடியிலும் போகாதீர்கள், பிளக் வயரைக் கழற்றாமல் பிளேடைத் தொடாதீர்கள்.

கோவிலுக்கென்றே ஒரு தொல்லை உண்டு. காவடி முடிந்த வாரம் புல்லுக்குள் என்னவெல்லாம் கிடக்கும் என்று உங்களுக்குத் தெரியும்: தேங்காய்ச் சிரட்டை, காவடி கட்டிய கம்பி, சாமந்தி மாலையின் நைலான் நூல். சிரட்டை பறந்தால் சத்தம் கேட்கும், ஆள் உஷாராவார். நூல் சத்தமே போடாது. பிளேடுக்கு மேலே சுழலும் தண்டில் சுற்றி இறுகி, சூட்டில் உருகி, பேரிங்கை மூடியிருக்கும் சீல் வளையத்தை அறுத்துவிடும். சில மாதம் கழித்து டெக்கிலிருந்து கீச்சென்று கிளம்பும். மூன்று பிளேடு உள்ள அகலமான ஜீரோ டர்ன் டெக்கில் மூன்று தண்டு, 42 அங்குல டிராக்டரில் இரண்டு. வெட்டும் முன் நாலு பிள்ளைகளை வரிசையாக நடக்கவிட்டுப் பொறுக்கச் சொல்வதைவிட நல்ல பராமரிப்பு இதற்குக் கிடையாது. வெட்டும்போது மட்டும் பிள்ளைகள் வளாகத்திலேயே இருக்கக் கூடாது. சீட்டிலிருந்து எழுந்தால் எஞ்சின் அணையும் சுவிட்சை ஒட்டவைத்து ஏமாற்றுகிற கெட்டிக்காரர்களையும் வண்டிப் பக்கம் விடாதீர்கள்.

பேட்டரி வண்டிகளும் வந்துவிட்டன. ஆயில் இல்லை, கார்புரேட்டர் இல்லை, அக்கம்பக்கத்துக்குச் சத்தம் குறைவு. 2023-இல் மின்வெட்டு படுத்திய பாட்டைப் பார்த்தவர்கள் யோசிக்கத்தான் செய்வார்கள். கூரையில் சோலார் போட்டவர்களுக்கு இது பொருந்தும். சரிவுக் கணக்கு அதற்கும் மாறாது.

பழைய வண்டி வாங்கும்போது ஒரு சோதனையை விடாதீர்கள். டிராக்டரோ ஜீரோ டர்னோ, விற்பவர் முற்றத்தில் ஐந்து நிமிஷம் ஓட்டிக் காட்டுவதில் ஒன்றும் தெரியாது. ஹைட்ரோஸ்டேடிக் குளிர்ந்திருக்கும்போது நல்லபிள்ளையாகத்தான் நடக்கும். பிளேடைப் போட்டு அரைமணி வெட்டுங்கள். நன்றாகச் சூடான பிறகு, கையேடு அனுமதிக்கும் ஒரு சின்ன மேட்டில் நிறுத்தி மறுபடி மேலே ஏற்றுங்கள். ஜீரோ டர்ன் என்றால் மட்ட நிலத்தில் இரண்டு கைப்பிடியையும் முழுசாகத் தள்ளி நேராகப் போகிறதா என்றும் பாருங்கள். தயங்கினாலோ ஒருபக்கம் பின்தங்கினாலோ, டிரான்ஸ்மிஷன் விலையைக் கழித்துக்கொண்டு பேரம் பேசுங்கள். அரைமணி ஓட்ட விடமாட்டேன் என்கிறவரிடம் பேரமே வேண்டாம்.