தென்காசிச் சாரலில் வென்னி: கரண்ட் ஹீட்டரா, கேஸ் கீஸரா?

எங்கள் வீட்டில் இரண்டும் இருக்கிறது. அம்மா குளிக்கும் அறையில் 15 லிட்டர் கரண்ட் ஹீட்டர். பின்வாசல் சுவரில், வெளிப்பக்கமாக, கேஸ் கீஸர். சில வருடங்களாக இரண்டையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறோம். எது மலிவு என்று யாராவது கேட்டால், முதலில் உங்கள் ஈபி அட்டையைக் காட்டுங்கள் என்பேன்.

கணக்கு இதுதான். ஒரு கிலோ சமையல் எரிவாயு எரிந்தால் (நம் சிலிண்டரில் இருப்பது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்தது) ஏறக்குறைய 12.8 யூனிட் கரண்டுக்குச் சமமான சூடு கிடைக்கும். அதில் 80 சதவீதம் தண்ணீரில் ஏறுகிறது என்று வைத்தால், 14.2 கிலோ சிலிண்டருக்குச் சுமார் 145 யூனிட். சிலிண்டர் 870 ரூபாய் என்றால், யூனிட்டுக்கு 6 ரூபாய். கரண்ட் ஹீட்டரில் எடுக்கும் கரண்ட் முழுவதும் சூடாகிவிடும், சேதாரம் குறைவு. ஆகவே, உங்களுக்கு யூனிட் 6 ரூபாய்க்குக் கீழே விழுந்தால் கரண்ட்தான் லாபம்.

சிக்கல் 500 யூனிட்டில் இருக்கிறது. 2022 செப்டம்பரில் வந்த கட்டணப்படி, இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் ஓடினால் 1,725 ரூபாய். 510 ஓடினால் 2,030. பத்தே யூனிட்டுக்கு 305 ரூபாய்! 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்கு இருந்த 2.25 ரூபாய் சலுகை போய்விடுகிறது, 500-க்கு மேல் யூனிட் 8 ரூபாய். அதன்பிறகு கட்டணம் கொஞ்சம் ஏறியிருந்தாலும் கணக்கின் போக்கு அதேதான். ஏசி ஓடும் வீடு, கூட்டுக்குடும்பம் என்றால் தயங்காமல் கேஸ் பக்கம் போகலாம். அம்மாவும் நாங்களும் மட்டும் இருக்கும் எங்கள் வீட்டுக்கு, ஆனி ஆடியில் ஏசியைத் தொடவே மாட்டோம் என்பதால், கரண்ட் ஹீட்டர்தான் கட்டுப்படியாகிறது.

“ஏய்யா, அந்த வென்னி சுவிட்ச போடு” என்று அம்மா சொன்னால் 2000 வாட்ஸ் ஹீட்டரில் பன்னிரண்டு நிமிடத்தில் தண்ணீர் தயார். குளித்ததும் அணைத்துவிட வேண்டும். நாள் முழுக்க போட்டே வைத்தால் தொட்டி ஆற ஆற மறுபடி சூடேற்றி, மீட்டர் சும்மா ஓடும்.

குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறது என்று தெரிந்ததும் மதுரை, தூத்துக்குடி சொந்தங்கள் வந்துவிடுவார்கள். அருவியில் நனைந்து நடுங்கிக்கொண்டு வருகிறவர்கள் வரிசையில் நிற்கும்போது 15 லிட்டர் எந்த மூலைக்கு? அப்போது கேஸ் கீஸர்தான். குழாயைத் திறந்தால் டிக் டிக்கென்று பொறி தட்டி, நீலச் சுடர் பற்றி, சற்று நேரத்தில் சூடாக வரும். காற்றில் கிளை முறிந்து கரண்ட் போனாலும் கவலையில்லை, இரண்டு பேட்டரி போதும். ஆனால் மேல்தொட்டி உயரம் குறைவாக இருந்து தண்ணீர் மெலிந்து வந்தால் பற்றவே பற்றாது.

ஒன்றை மட்டும் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். கேஸ் கீஸரைக் குளியலறைக்குள் மாட்டாதீர்கள். மூடிய அறையில் கார்பன் மோனாக்சைடு சேரும். நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. மாட்ட வருகிறவர் “ஜன்னல் இருக்குல்லா அண்ணாச்சி, போதும்” என்பார். ஒத்துக்கொள்ளாதீர்கள். வெளிச்சுவரில் மாட்டிக் குழாயை மட்டும் உள்ளே இழுக்கச் சொல்லுங்கள். கூடுதலாக ஆகும் குழாய்ச் செலவைக் கணக்கில் சேர்த்துக்கொண்டே விலையை ஒப்பிடுங்கள்.